காலியாக விட்ட இடம்

“உங்க பொண்ணுக்கு வேற யாரோ எழுதிக் குடுக்கிறாங்கம்மா.”

செருப்பைக் கழற்றுவதற்குள் ஆசிரியர் விஷயத்துக்கு வந்துவிட்டார். அஞ்சல்வழி ஆங்கில வகுப்பில் இருபது வருடமாக விடைத்தாள் திருத்துகிறவர். மாணவர்களின் முகம் தெரியாது, கையெழுத்து அத்துப்படி.

“எட்டு மாசமா கையெழுத்து வேற. ஆள் மாறி எழுதினா பேரை அடிச்சிடணும். அதான் விதி.”

அம்மாவின் முகம் வெளிறியது. “பேரை மட்டும் அடிச்சிடாதீங்க சார். அவளுக்கு வெளி ஆளுங்க முன்னாடி வரக் கூச்சம்” என்று மூடியிருந்த அறைக் கதவைக் காட்டினாள்.

“இன்னொரு கூத்தும் இருக்கு. ‘கிவ் அப்’, ‘கிவ் இன்’, ‘புட் ஆஃப்’னு பின்னால ஒட்டுற குட்டி வார்த்தை மாறினா அர்த்தமே மாறிப்போகும். எல்லாரும் அங்கதான் கோட்டை விடுவாங்க. இவ அத்தனையும் சரியா எழுதுறா. ‘கோ அவே’ மாதிரி ‘அவே’ வர்ற இடத்தை மட்டும் காலியா விடுறா. விட்டுட்டுத் தூரமாப் போறதும்மா, அவ்வளவுதான். அதுல என்ன கஷ்டம்?”

“தெரியும் சார்” என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி.

ஆசிரியர் பையிலிருந்து ஒரு வினாத்தாளை எடுத்து நீட்டினார். “இப்பவே எழுதட்டும். பார்த்துடலாம்.”

அம்மா அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நாற்காலி ஒருமுறை நகர்ந்தது. பேச்சுக் குரலே இல்லை. பட்டப்பகலில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்த ஆசிரியருக்கு ஏனோ உடம்பு சிலிர்த்தது.

கால் மணி நேரத்தில் தாள் வந்தது. எட்டு மாதமாக வரும் அதே கையெழுத்து. எல்லாம் சரி, ‘அவே’ மட்டும் காலி. வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று கூசிப்போய் நிமிர்ந்தவர், தாளை நீட்டிய அம்மாவின் விரலில் ஈர மை இருப்பதைப் பார்த்துவிட்டார்.

வந்த கோபத்தில் எழுந்துபோய்க் கதவைத் தள்ளினார்.

விரித்த போர்வை கலையாத கட்டில். ஒரு மேஜை, ஒரு நாற்காலி. மேஜை மேல், மகளின் பெயர் தெரியும்படி வரிசையாக நிறுத்தி வைத்த, அவர் அனுப்பிய பாட உறைகள். ஆள் யாருமில்லை.

“எங்கம்மா உங்க பொண்ணு?”

“அவ தவறி எட்டு மாசமாச்சு சார். அவ பாடத்தைப் படிச்சுப் படிச்சு நானே எழுதக் கத்துக்கிட்டேன்.” மேஜையிலிருந்த ஓர் உறையை எடுத்து, அதிலிருந்த பெயரை மை படாத விரலால் தடவினாள்.

“அவ பேர் போட்டு இந்த வீட்டுக்கு இன்னமும் வர்றது உங்க கவர் ஒண்ணுதான் சார்.”