முன் அனுபவம் இல்லை

"எத்தினை வருசம் கடலுக்குப் போனனீங்கள் எண்டு கேக்கிறார், அண்ணை."

ஜெயமலர் ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள். ஸ்காபரோவில் அந்தச் சின்னத் தமிழர் நிலையத்தில் படிவம் நிரப்புவது, மொழிபெயர்ப்பது எல்லாம் அவள்தான்.

அகஸ்ரினுக்கு வாய்வரை வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம். யாழ்ப்பாணம் குருநகரில் சொந்தப் படகு, அதில் நாலு பேருக்கு வேலை. அவரிடம் போய் இதைக் கேட்பது மீன்குஞ்சிடம் நீந்தத் தெரியுமா என்று கேட்பது மாதிரி.

மறுமுனையில் காரக்கெட் ஊர் நண்டுப் படகுக்காரர். நியூ பிரன்சுவிக் கடலோரத்தில் பிரெஞ்சு பேசும் அக்கேடியரின் ஊர் அது. போன வருடம் அங்கே வேலைக்குப் போன ஊர்ச் சிநேகிதன் பஸ்ரியன் கடிதம் போட்டிருந்தான். பாதர் வந்து படகுகளுக்குத் தீர்த்தம் தெளித்து அனுப்புகிறாராம். குளிரை விட்டால் எங்கடை ஊர்தான் என்று எழுதியிருந்தான்.

அன்றிலிருந்து அகஸ்ரினுக்கு வேறு நினைப்பில்லை. நாலு வருடமாக மிசிசாகாவில் கோழி வெட்டுகிறார். போகவும் இரண்டு பஸ், வரவும் இரண்டு பஸ். கோழியைக் கண்டாலும் அலுப்பு, மனிதரைக் கண்டாலும் அலுப்பு.

ஆனால் அகதி வழக்கில் அவர் தையற்காரர்.

மீன்பிடிகாரன் என்றால் புலிகள் இயக்கத்துக்குப் படகில் ஆள் ஏற்றியவன் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என வழக்குக் கதை எழுதிக் கொடுத்தவர் வெருட்டியிருந்தார். அகஸ்ரினும் பைபிளில் கைவைத்துத் தையற்காரன் என்றார். அந்த வழக்கை நம்பித்தான் மனைவி வேரோனிக்காவும் இரண்டு பெண்பிள்ளைகளும் திருச்சியில் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய விசா இன்னும் வரவில்லை. கனடாவில் வேலைக் கடதாசியும் வழக்குக் கடதாசியும் கடைசியில் ஒரே பெட்டிக்குள்தான் போய் விழும் என்பது அவர் நம்பிக்கை.

"போனதே இல்லையெண்டு சொல்லுங்கோ, தங்கச்சி."

ஜெயமலர் அவருடைய உள்ளங்கைகளைப் பார்த்தாள். தோணிக்கயிறு அறுத்த தழும்புகள். அவர் சொன்னபடியே ரெலிபோனில் சொன்னாள்.

மறுமுனை நெடுநேரம் பேசியது. நல்ல மனிதர் போலும், சிரிப்புக்கூடக் கேட்டது. கரையில் நண்டு உடைக்கிற வேலை தருவாராம். இந்த வருடம் படகில் ஏற விடமாட்டாராம். அடுத்த வருடம் தானே பக்கத்தில் நின்று மெல்ல மெல்லக் கடலைப் பழக்கிவிடுவாராம். முதலில் எல்லாருக்கும் பயம்தானாம்.

அகஸ்ரின் சரி என்று தலையாட்டினார்.

புதிதாய் வருகிறவன் ஏதாவது கேட்கத்தானே வேண்டும். யோசித்துப் பார்த்துக் கேட்டார்.

"படகு ஆடேக்கை தலை சுத்துமோ எண்டு கேளுங்கோ."