கீழ் விளிம்பு

குமரேசன் எடுத்துவரும் மலைப் படங்களை வெட்டிச் சீராக்குவது எப்போதும் அவன் மனைவி வனிதாமணிதான். இந்த முறை அவனே வெட்டிக் கொண்டுவந்திருந்தான். “காலண்டருக்குப் போகுது மணி. நீ ஷார்ப்னெஸ் மட்டும் ஏத்திக் குடு, போதும்” என்றான். கல்யாணமானதிலிருந்து அவன் ஒரு படத்தைக்கூட வெட்டியதில்லை. அதுதான் அவளை உறுத்தியது. கம்ப்யூட்டரில் வெட்டும் கருவியை அழுத்திப் பார்த்தாள். அவள் நினைத்தது சரி. வெட்டிய பகுதியை அடியோடு அழிக்கத் தெரியாமல் மறைத்து மட்டும் வைத்திருந்தான். கீழ் விளிம்பைப் பிடித்து இழுத்ததும், ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் புல்தரை விரிந்தது. மாலை வெயிலில், படம் எடுத்தவரின் நிழல் அதில் நீளமாக விழுந்திருந்தது. இரண்டு கைகளும் கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தன. தோளுக்குப் பக்கத்தில் ஒரு நீளப் பின்னல் காற்றில் விலகி நின்றது. அச்சில் மை கொஞ்சம் பரவும் என்பதால், திரைக்கு வைப்பதைவிட அதிகமாகவே கூர்மையை ஏற்றினாள். புல் ஒவ்வொன்றாகத் தெளிந்தது. நிழல் நிழலாகவே இருந்தது. சுவரில் அவன் பரிசு வாங்கிய படங்கள் வரிசையாகத் தொங்கின. அவற்றில் ஒன்றிலாவது வெயில் கேமராவுக்குப் பின்னாலிருந்து அடிக்கிறதா என்று தேடினாள். இல்லை. அவன் எப்போதும் வெயிலுக்கு எதிரே நின்றுதான் எடுப்பான். “ஏங்க, பேரை எங்க போடட்டும்?” என்று உள்ளறையைப் பார்த்துக் கேட்டாள். “எப்பவும் போல கீழதான்” என்றான் குமரேசன், சட்டை மாற்றிக்கொண்டே. அவள் அவன் பெயரை அடித்து, அந்தப் பின்னலுக்குப் பக்கத்தில் வைத்து, முழுப் படத்தையும் அச்சகத்துக்கு அனுப்பினாள்.