கதவு விதி

"நல்லா இருந்த சுடோக்குவ ஏன் நோண்டுற? புது ரூல் யாரு கேட்டா?" என்று வேலாயுதம் பேனாவை மேசைமேல் வைத்தார்.

வலப் பக்கத்து ஸ்டூலில் இருந்த அவர் மனைவி ரஞ்சிதம், சாப்பிட்டாயிற்று என்று அவர் தள்ளிவைத்த தோசைத் தட்டை அரைவட்டம் திருப்பினாள். மீதிப் பாதித் தோசை அவருக்கு நேராக வந்தது. மனிதர் கேள்வி கேட்காமல் அதையும் சாப்பிட்டார்.

சுடோக்குக் காகிதத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய டீ தொடாமல் இருந்தது.

தேக்கா உணவங்காடியில் காலைக் கூட்டம் வடிந்திருந்தது. மாடியில் தன் தையல் கடையைத் திறக்க ரஞ்சிதத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அதற்குள் இந்தப் புதிரில் ஒரே ஒரு வரிசையாவது அவர் சரியாகப் போட்டுவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வேலாயுதம் லேசுப்பட்ட ஆள் இல்லை. இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். சுவா சூ காங் பஸ் இன்டர்சேஞ்சில் ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவில், பேப்பரில் வந்த சுடோக்குவை முடித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் ரிப்போர்ட் கார்டு மாதிரி அதை அவளிடம் நீட்டுவார். அவளும் ஒன்றும் புரியாமலே, "பரவாயில்லையே" என்பாள்.

பத்து வாரமாக ஒன்றுகூட முடியவில்லை. எல்லாம் பாதியில் நின்றன. கேட்டால், "பேப்பர்காரன் தப்பாப் போடறான்லா" என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

சரி, பேப்பர்காரன் வேண்டாம், நானே போடுகிறேன் என்று இறங்கினாள் ரஞ்சிதம். சும்மா சொல்லக் கூடாது, குறுக்கேயும் நெடுக்கேயும் ஒன்பது எண்களை அடுக்குவதற்குள் பிராணன் போய்விட்டது. முதல் நான்கு புதிர்களையும் மகள் தாரணி, "ரெண்டு ஆன்சர் வருதும்மா" என்று திருப்பிக் கொடுத்தாள்.

ஐந்தாவது தேறியது. ரவிக்கை அளவு வெட்டும் பழுப்புக் காகிதத்தில் பெரிது பெரிதாகக் கட்டம் போட்டு எடுத்து வந்திருந்தாள்.

அதில் அவளே கண்டுபிடித்த விதி ஒன்று இருந்தது. ஒவ்வொரு வரிசையும் ஒரு பஸ். முதல் கட்டம் கதவு. அந்த பஸ்ஸில் ஒன்று என்ற எண் எத்தனையாவது ஸீட்டில் உட்கார்ந்திருக்கிறதோ, அந்த எண்தான் கதவில் நிற்க வேண்டும். நாலாவது ஸீட்டில் ஒன்று என்றால் கதவில் நாலு. எண்ண ஆரம்பிப்பதே கதவிலிருந்துதான்.

அந்த ஓரம் முழுக்க, மேலிருந்து கீழே, மிஷினில் சிவப்பு நூல் அடித்திருந்தாள்.

"குறை சொல்றதுக்காவது ஒரு வரிசை போட்டுப் பாருங்க" என்றாள்.

வேலாயுதம் பேனாவை எடுத்தார். மூன்றாவது வரிசையில் ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. விரல் வைத்து எண்ணினார். "மூணாவது ஸீட்டு."

"கதவுலேர்ந்து எண்ணுனீங்களா?"

"எந்தக் கதவு?"

"இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டுனவருக்குக் கதவு எந்தப் பக்கம்னு நான் சொல்லணுமா?"

அவருக்குச் சுருக்கென்று பட்டது. யார் எது சொன்னாலும் தாங்குவார், பஸ்ஸைப் பற்றிச் சொன்னால் மட்டும் தாங்க மாட்டார். விரல் காகிதத்தின்மேல் கட்டம் கட்டமாக ஊர்ந்தது. பாதிக் காகிதத்தில் நின்றது.

ரஞ்சிதம் வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கினாள்.

விரல் மறுபடி நகர்ந்தது. கூடவே கழுத்தும் மெல்லத் திரும்பியது. சிவப்பு நூல் விரலில் தட்டுப்பட்டது.

"ஓ, இங்கயா இருக்கு" என்றார். அங்கிருந்து எண்ணினார். கதவில் ஏழு என்று எழுதினார். அடுத்த வரிசையின் கதவைத் தேடி நூலைத் தடவிக்கொண்டே போனபோது, புறங்கை கிளாஸில் இடித்தது.

"இந்த டீ எப்ப வந்துச்சு?"

"அப்பவே வந்துடுச்சு."

ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "ஆறிப்போச்சு. வந்தா சொல்றதில்லையா?"

ஆறித்தான் போயிருந்தது. பத்து வாரமாக அது தினமும் ஆறிக்கொண்டுதான் இருந்தது. தைப்பூசம் முடிந்த வாரம் தலைக்குள் ரத்தம் அடைத்து விழுந்து எழுந்தவருக்குக் கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். இடப் பக்கம் என்று ஒன்று இருப்பதை மூளை மறந்துவிட்டது, கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் திருப்ப வேண்டும் என்றார். அன்றிலிருந்து ரஞ்சிதம் டீயை அந்தப் பக்கம் வைப்பாள். கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு எடுத்து இந்தப் பக்கம் வைப்பாள்.

கட்டியவர் குறை சொல்லிக் கேட்டு அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டது, கல்யாணமான இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சூடாக இன்னொரு டீ வாங்கி வந்து அதே இடத்தில் வைத்தாள். பத்து வாரமாகக் காலியாகக் கிடந்த இடப் பக்கத்து ஸ்டூலில், கைப்பையோடு போய் உட்கார்ந்தாள்.

வேலாயுதம் அடுத்த வரிசைக்காகத் திரும்பினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"தள்ளி உக்காரு" என்றார். "கதவ மறைக்கிற."