சுடாத சூரியன்

கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்ந்த தாடி ஓணானுக்கு மூன்று நாளாகப் பசியில்லை. இரையாகப் போட்ட வெட்டுக்கிளிக்குக் காத்திருந்து அலுத்துவிட்டது.

"ஏண்ணே, என்னைச் சாப்பிடுவீங்களா, மாட்டீங்களா?"

"சனிக்கிழமை சாப்பிட்டவனே இன்னும் வயித்துல கிடக்கிறான். முன்னெல்லாம் இந்தக் கல்லு கதகதன்னு இருக்கும், மேல படுத்தாலே செரிச்சிடும். இப்ப என்னன்னே புரியல."

வெட்டுக்கிளி அண்ணாந்து பார்த்தது. பழைய குண்டு பல்பு ஃபியூஸ் போனதும் மாட்டிய எல்.இ.டி. விளக்கு எரிந்தது. "நீங்க வந்ததுலேருந்துதான் இப்படி."

விளக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. "நானா? அவனைவிட ரெண்டு மடங்கு வெளிச்சம் தர்றேன். தொட்டுப் பாருங்க, சுடக்கூட மாட்டேன்!"

ஓணான் எட்டித் தொட்டது. சுடவில்லை. குழம்பிப்போய்ப் படுத்துக்கொண்டது.

ஓணானை வளர்க்கும் ரோஸ்லின் வந்தாள். "வெளிச்சம் பத்தலையோ என்னவோ, பாவம்" என்று அதே மாதிரி இன்னொரு விளக்கை மாட்டினாள். கூடவே ஐந்து வெட்டுக்கிளிகளையும் போட்டுவிட்டுப் போனாள்.

பெட்டி பளபளத்தது. மழைக்குளிரில் நடுங்கிய புதியவர்கள் ஓணானின் வயிற்றடியில் போய் ஒண்டினார்கள். அங்கேயும் சில்லென்றிருந்தது.

ஒருவன் தலையை நீட்டினான். "அண்ணே, உங்களைப் பார்த்து நாங்க பயப்படணுமா, வேண்டாமா?"

"தெரியலப்பா" என்றது ஓணான்.