பூனையின் சூடு

பக்கவாதம் வந்து பதினான்கு மாதங்களாகப் பேச்சற்றுப் போயிருந்த நடேசனுக்குக் கஞ்சி கொண்டுவந்த அவர் மனைவி சுலோச்சனா, அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அவர் பேசிக்கொண்டிருந்தார். "ஏன் இப்படி எளச்சுப் போயிட்ட? சரியா சாப்பிடறதில்லையா?" துளிக் குழறல்கூட இல்லை. சக்கர நாற்காலியில், அவர் மடியில், சாம்பல் நிறப் பூனை கண்மூடிக் கிடந்தது. போன மாதம் ஜன்னல் வழியாக வந்து, அவள் எத்தனை முறை விரட்டியும் போகாமல் ஒட்டிக்கொண்ட பூனை. "வலிக்குதா? எங்க, இங்கயா? சொல்லும்மா." கிண்ணம் தளும்பிக் கஞ்சி அவள் விரலைச் சுட்டது. முப்பத்தோரு வருடங்களில், நாக்கு நன்றாக இருந்த காலத்தில்கூட, அவர் அவளிடம் இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"என்னங்க..." என்று உள்ளே போனாள். பூனை குதித்து ஓடியது. அவர் வாய் பழையபடி கோணிக்கொண்டது.

"என்கிட்டயும் பேசுங்க. ஒரே ஒரு வார்த்தை."

அவர் சுவரைப் பார்த்தார். சுலோச்சனா கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். மண்டியிட்டு, பூனையின் சூடு இன்னும் ஆறாத அந்த மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பிறகு, விழுந்த நாளிலிருந்து அசையாத அவருடைய வலக்கை மெல்ல ஊர்ந்து வந்து, அவள் காதுக்குப் பின்னால் சொறிந்தது. சுலோச்சனா திடுக்கிட்டாள். அந்தக் கை அசைந்ததால் அல்ல. அவள் தொண்டைக்குள்ளிருந்து, அடக்க அடக்க, குர்ரென்று ஒரு சத்தம் கிளம்பிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே, பேசத் தொடங்குபவர் போல, அவர் செருமிக்கொள்வது கேட்டது.