ஆதிப்புள்ளியில் நடு ஸ்டம்ப்

அம்பயரின் விரல் உயர்ந்தது. பந்து உரசிப்போன இடது கால் பேடைப் பார்த்தபடி மணிமாறன் சிலையாக நின்றார். பின்னால் கீப்பர் பந்தை வானத்துக்கு எறிந்துவிட்டுக் குதித்துக்கொண்டிருந்தான்.

திண்டிவனத்தில் ஆசிரியர்களுக்கான கிரிக்கெட் இறுதிப் போட்டி. மணிமாறன் பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார். அவருடைய மாணவர்கள் மொத்தமும் வேலியோரம் நிற்க, முதல் பந்திலேயே வெளியேறினால் நாளைக்கு வகுப்பில் யார் மதிப்பார்கள்?

அம்பயர் சங்கவிக்கு இதுதான் முதல் இறுதிப் போட்டி. அவள் ஊர் விழுப்புரம். எதிரணியும் விழுப்புரம். சதிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்ன?

மைதானத்து ஓரத்திலேயே உட்கார்ந்து, மனைவி கவிதா செல்போனில் எடுத்த வீடியோவை மடிக்கணினியில் ஏற்றி, பந்து இருந்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்தார் மணிமாறன்.

"போனா போவுது, வந்து தண்ணி குடிங்க" என்றாள் கவிதா. உண்மையைத் தேடுகிறவனுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான். அதற்குள் அவர் அணி மேலும் நான்கு விக்கெட்டை இழந்திருந்தது. அது அற்ப விஷயம்.

இடைவேளை விட்டதும், போட்டியை நடத்தும் பெரியதம்பியின் முன்னால் போய் நின்றார். பெரியதம்பி தமிழாசிரியர், கணக்கு என்றாலே தலையாட்டிவிடுவார்.

"கால்ல பட்டுச்சுன்னு எனக்கு எல்.பி.டபிள்யூ குடுத்தது தப்புங்க. நிரூபிச்சுட்டா நான் மறுபடியும் பேட் பண்ணணும். இந்தம்மா இனிமே எந்த மேட்ச்லயும் அம்பயரா நிக்கக் கூடாது."

"சரிங்க, காட்டுங்க" என்றார் பெரியதம்பி.

"சார், நான் வந்து..." என்று ஆரம்பித்தாள் சங்கவி.

"கணக்கு போட்டுக்கினு இருக்கறப்ப குறுக்க பேசக் கூடாதும்மா" என்றார் மணிமாறன்.

கூட்டம் கூடிவிட்டது. மணிமாறனின் குரலுக்கு வகுப்பறைக் கம்பீரம் வந்துவிட்டது.

"நடு ஸ்டம்ப்தான் ஆதிப்புள்ளி. பிட்ச்சோட நீளம் எக்ஸ் அச்சு, அகலம் ஒய் அச்சு. பந்து குத்தி எழும்பின பொறவு, இந்தப் புள்ளிங்க எல்லாம் ஒரே நேர்கோட்டுல வருது. ஆனா கால்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே கோட்டோட சாய்வு மாறிப்போச்சு. பந்து காத்துல தானா ஒடிஞ்சு திரும்புமா?"

"எப்படிங்க திரும்பும்?" என்றார் பெரியதம்பி.

"ரெண்டு கோடும் எங்க வெட்டிக்குது? கரெக்டா என் பேட்டோட ஓரத்துல. அப்ப பந்து மொதல்ல பேட்டுல பட்டு, கால் பேடை உரசிக்கினு, நேரா கீப்பர் கைக்குப் போயிருக்குது. பேட்டுல பட்டதுக்கு எல்.பி.டபிள்யூ ஏது?"

வேலியோரம் மாணவர்கள் கைதட்டினார்கள். மணிமாறன் மடிக்கணினியை மூடிவிட்டு, பெருந்தன்மையோடு கிளவுஸை மாட்டிக்கொண்டார். ஹெல்மெட்டையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

பெரியதம்பி சங்கவியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, சார் இவ்ளோ தெளிவா சொல்லிட்டாரு. பந்து பேட்டுல பட்டுதுன்னு ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேங்க."

"அப்பறம் எதுக்கு அவுட்டு குடுத்த?"

சங்கவி தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"கேட்ச்சுக்குங்க."