குமாஸ்தாவா கொலைகாரன்?

"கிளம்புங்க, வண்டி வாசல்ல நிக்குது."

கணவர் கோர்ட் மர்ம நாவலிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "வக்கீல் கடைசி சாட்சியை மடக்கிட்டிருக்கார். கொலைகாரன் யாருன்னு தெரியாம வரமாட்டேன்."

"புத்தகத்தையும் எடுத்துட்டு வாங்களேன்!" மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாதாம்."

"அப்ப கடைசிப் பக்கத்தைப் பாத்துத் தொலைங்க!"

"சீ, அது அயோக்கியத்தனம்."

சாவிக்கொத்தோடு நின்ற காவலருக்கும் பொறுமை போனது. "குமாஸ்தாதான் சார் கொலைகாரன்! ஜாமீன் கிடைச்ச ஆளை இன்னும் செல்லுல வச்சிருந்தா என் வேலை போயிடும்!"

மறுநொடி காவலரின் மூக்கில் ஒரு குத்து விழுந்தது.

மனைவி செருப்புத் தேய அலைந்து வாங்கிய ஜாமீன் அதோடு போச்சு. செல் கதவு மறுபடி பூட்டப்பட்டது. அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து உற்சாகமாகக் குரல் வந்தது.

"ஏய், அந்தக் குமாஸ்தா நிரபராதிடி!"